இருசம்மாளின் இடது கால்

நொச்சிமேடு
19.8.2024

டாக்டரம்மா ஜான்சிக்கு நொச்சிமேடு சின்னையன் எழுதிக்கறது.

நாங்க இங்க நல்லா இல்ல. நலம், நலமறிய ஆவல்னு எழுதித்தான் கடுதாசி ஆரம்பிக்கணும்னு அந்தக் காலத்துல அறிவொளி கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. அங்க கத்துகிட்ட எழுத்துதான் இது. எழுத்து மட்டும் நின்னுது, மத்தது போயிருச்சு.

ஃபோன் போட்டா நீங்க எடுக்கல. புதன்கெழம டீம் வண்டியில மத்தவங்க எறங்குறாங்க, நீங்க எறங்கல. நம்மூரு சுகாதார நெலயத்து நர்சுப் பொண்ணு தமிழ்ச்செல்விதான் சொல்லுச்சு. "மாமா, அத்த கால் விசயத்துலதான் டாக்டரம்மாவ விசாரணையில வச்சிருக்காங்க. ஊருக்கும் வரக் கூடாதாம், ஃபோன்லயும் பேசக் கூடாதாம். எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கணுமாம். எழுதிக் குடுங்க, சனிக்கெழம ஊருக்குப் போறப்ப சிதம்பரத்துல குடுத்துட்டுப் போறேன்"னுச்சு. அதான் எழுதுறேன்.

இருசம்மா கால் விசயம். எடது கால்ல பெருவெரலும் பக்கத்து வெரலும் கருத்துப் போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும். அதுக்கப்பறம் நடந்தது தெரியாது. கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். பெரிய டாக்டர் பாத்துட்டு, "இப்ப காஞ்சு கெடக்கு. ஈரம் புடிச்சு மேல ஏறுச்சுன்னா உசுருக்கு ஆவாது. முட்டிக்குக் கீழ எடுத்துறலாம். வூட்டுல பேசிட்டு வாங்க"ன்னாரு. வூட்டுல யார்கிட்டப் பேசறது? இருக்கறது நானும் அவளும். அவ மாட்டேங்குறா.

சரின்னு புதன்கெழம ஒங்க டீம்கிட்டக் கேட்டேன். எக்ஸசைஸ் சொல்லிக் குடுக்குற பாலகுமார் தம்பி, குதிகாலக் காப்பாத்துனா நடந்துறலாம், பொறுத்துப் பாக்கலாங்குது. சாப்பாட்டுக்குக் கணக்கு சொல்ற பவானிம்மா, மொதல்ல சக்கரய எறக்கணும், அப்பறந்தான் எதுவும்ங்குது. மணவாளன் சார் என் தோள்மேல கை வச்சு, "முடிவு ஒங்களுது பெரியவரே, அது ஒங்க உரிம"ங்குறாரு. உரிமன்னதும் நான் தோள நவுத்திகினேன். இதுவரைக்கும் எனக்கு உரிமன்னு குடுத்ததெல்லாம் வேற யாரும் தொடாத வேலையாத்தான் இருந்துருக்கு.

வேப்பூர் சந்தையில ஒரு தடவ நடந்தது சொல்றேன், கேளுங்க. நான் ஆட்டுத் தரகுக்குப் போற ஆளுன்னு தெரியுமில்ல. பட்டம்மான்னு ஒரு பொம்பள, புருசன் இல்ல, ஒரே ஒரு கெடாவ ஓட்டிகினு வந்தா. நல்ல கெடா. மூணு தரகன் அதச் சுத்திகினோம். ஒருத்தன் பல்லப் பாக்குறான், ஒருத்தன் முதுவு புடிச்சுப் பாக்குறான், நான் வவுத்தத் தட்டிப் பாக்குறேன். துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெல சொல்லணும். யாரு மொதல்ல சொல்றதுன்னு மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினு நின்னோம். பொழுது ஏறிச்சு, வாங்க வந்தவன் வண்டி ஏறிப் போயிட்டான். அந்தப் பொம்பள கெடாவத் திருப்பி ஓட்டிகினு போறப்ப திரும்பிப் பாத்துச் சொன்னா, "ஒருத்தன் இருந்திருந்தா ஏமாத்தியாவது இருப்பான்"னு. ஆட்டுக்கு ஒரு தரகன்தான் இருக்கணும். தப்பா வெல சொன்னாலும் அவன் சட்டையப் புடிக்கலாம்.

ஒரு வார்த்த எழுதுங்க. வெட்டலாமா, வேணாமா.

சின்னையன்

---

சிதம்பரம்
24.8.2024

மதிப்பிற்குரிய திரு. சின்னையன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் துணைவியாரின் உடல்நிலை குறித்து மிகவும் வருந்துகிறேன்.

எங்கள் கல்லூரியும் தங்கள் ஊர் சுகாதார நிலையமும் சேர்ந்து நடத்தும் இந்தத் திட்டத்தில், மருத்துவம், செவிலியம், இயன்முறை, உணவியல், சமூகப்பணி ஆகிய ஐந்து துறையினரும் கூடிப் பேசியே ஒரு நோயாளியைப் பற்றிக் கருத்துச் சொல்வது வழக்கம். தனி உறுப்பினர் எவரும் தனியாகக் கருத்துச் சொல்லக் கூடாது என்பது விதி. மேலும், விசாரணை முடியும்வரை நான் குழுவில் இல்லை. எனவே தங்கள் கேள்வியைக் குழுத் தலைவர் மணவாளன் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அது எடுத்துக்கொள்ளப்படும்.

அதுவரை மருந்துகளை நிறுத்த வேண்டாம். காலைத் தரையில் ஊன்ற வேண்டாம்.

இப்படிக்கு,
டாக்டர் ஜான்சி

பெரியம்மா சாப்பிடுகிறார்களா? இரவில் காய்ச்சல் அடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்குக் குழு தேவையில்லை.

---

நொச்சிமேடு
28.8.2024

டாக்டரம்மாவுக்கு,

திரு சின்னையன் எழுதிக்கறேன். நேத்து வரைக்கும் எனக்கே தெரியாது நான் திருன்னு. எங்கூட்டுல ஒக்காந்து சங்கரா மீன் கொழம்பு ஊத்தித் தின்னப்ப பெரியப்பா. இப்ப கால் அழுவிப் போனதும் திரு. கடுதாசியப் படிச்சுக் காட்டுனேன். இருசம்மா சிரிச்சா. "பாப்பாவ யாரோ பக்கத்துல நின்னு எழுத வைக்குறாங்க, அது பேச்சே இல்ல இது. கடைசியில பேர் போட்டப்பறம் எழுதியிருக்கு பாரு, அது மட்டுந்தான் அது பேச்சு"ன்னா. ஒங்கள விட்டுக் குடுக்க மாட்டா. எனக்குத்தான் ஆத்தரம்.

ஐந்து துறைன்னு எழுதியிருக்கீங்க. அஞ்சு துறையும் எங்கூட்டு வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டத நான் பாத்திருக்கேன். செருப்பு எண்ணிக்கைக்குக் கொறச்சல் இல்ல. ஆனா காலப் பாத்தது யாரு?

விசாரணைக்காரங்க வந்து கேட்டப்ப அவளே வாய விட்டுட்டா. புதன்கெழம காலையில நீங்கள்லாம் வரதுக்கு முன்னாடி, பழைய கட்டுக்கு மேலயே என் வெள்ள வேட்டியக் கிழிச்சு அழகா சுத்திக்குவா. சாம்பிராணி போடுவா. பெரிய மனுசங்க வரப்ப நாத்தத்தோட ஒக்காந்திருக்கக் கூடாதுன்னு. விருந்தாளி வந்தா கிழிஞ்ச பாய மறச்சுப் புதுப் பாயப் போடுவோமில்ல, அந்த மாதிரி. நீங்கள்லாம் வந்து பாத்து, கட்டு சுத்தமா இருக்கு, தமிழ்ச்செல்வி நேத்துதான் கட்டியிருக்குன்னு நெனச்சுகினீங்க. தமிழ்ச்செல்வி மறுநாளு வந்து பாத்து, புதுத் துணி சுத்தியிருக்கு, டீம் அவுத்துப் பாத்துட்டுக் கட்டியிருக்காங்கன்னு நெனச்சுகிச்சு. இப்படியே எத்தினி புதனு போச்சோ. நான் சந்தைக்குப் போறவன், பொம்பள கால நான் என்னாத்த அவுத்துப் பாக்கப் போறேன்.

இப்ப வெட்டிக்கச் சொன்னா மாட்டேங்குறா. ஏன்டின்னா, "மெட்டி போட்ட வெரலு. நீ உசுரோட இருக்கறப்ப நான் மெட்டி கழட்டணுமா? நீ செத்தப்பறம் வெட்டட்டும்"ங்குறா. அதுக்கு நான், "அதுக்காவ நான் சீக்கிரம் சாவ முடியுமா"ன்னேன். "ஒனக்கு எதுதான் சீக்கிரம் முடிஞ்சிருக்கு, ஒரு கதைய ஆரம்பிச்சா ஊரு தூங்கிப் போவுது"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துகினா. சிரிக்குறாளா அழுவுறாளான்னு தெரியல.

இதுல அவ தம்பி செம்பியன் வேற வந்து நிக்குறான். "மச்சான், எவனோ படிச்ச பசங்க வந்து காலக் கெடுத்துட்டாங்க, இப்ப வெட்டணுங்குறாங்க. பச்செல வச்சுக் கட்டுற ஆளு ஒருத்தரு இருக்காரு, மரக்கட்டயா இருந்த காலு தளுத்து வந்துருக்கு"ங்குறான். நான் அவன்கிட்ட வேணாம்னு சொல்லணும்னா, வேற ஒண்ண ஆமாம்னு சொல்லணும். ஆமாம்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. படிச்சவங்க அஞ்சு பேரு பேசுனதயும் சேத்துப் பாத்தா மொத்தத்துல ஒரு வார்த்த கூட இல்ல.

கூட்டம் எப்ப கூடும், எப்ப கலையும்னு எனக்குத் தெரியாது. அவ கால் கூட்டத்துக்காவக் காத்திருக்காது.

சின்னையன்

---

சிதம்பரம்
31.8.2024

பெரியப்பாவுக்கு,

யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. அந்தக் கடிதத்தை நானேதான் எழுதினேன். பெரியம்மா என்னை நல்லவளாக நினைப்பது இன்னும் வலிக்கிறது.

அந்த விதியைப் பற்றிக் கேலி செய்திருக்கிறீர்கள். அதை எழுதியதும் நான்தான். திட்டம் தொடங்கிய புதிதில் ஒரு முதியவருக்கு ஒரே வாரத்தில் நாங்கள் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னோம். ஒருவர் மாத்திரையைக் குறைக்கச் சொன்னார், ஒருவர் கூட்டச் சொன்னார், ஒருவர் உப்பை நிறுத்தச் சொன்னார். அவர் எல்லாரையும் மதித்து மூன்றையும் செய்தார். மயங்கி விழுந்து பிழைத்தார். அன்றைக்குத்தான், இனி ஒரே குரலில் பேசுவோம், யாரும் தனியாக வாய் திறக்கக் கூடாது என்று எழுதினேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரே குரல் என்று எழுதியது, எவருக்கும் குரல் இல்லை என்று ஆகும் என்று அப்போது தோன்றவில்லை.

உங்கள் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. சொல்லிவிடுகிறேன். வாரம் தவறாமல் வந்தேன். உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். ஒரு தடவையாவது, "பாப்பா, கால் நாறுது, அவுத்துப் பாரு" என்று சொல்லியிருக்கக் கூடாதா? விருந்தாளியாகவே வைத்திருந்தீர்களே, எதற்கு? சாம்பிராணி வாசனை வந்தபோது பெரியம்மாவுக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்கவில்லை. கையில் சர்க்கரை அளவுச் சீட்டு இருந்தது. அதைப் பார்த்தேன். அப்போது எண் நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் கேட்ட வார்த்தையை எழுத உட்கார்ந்து இரண்டு தாள் கிழித்துப் போட்டேன். நான் அறுவை சிகிச்சை மருத்துவர் இல்லை. காலை இப்போது நேரில் பார்க்கவும் இல்லை. வெட்டச் சொல்லி, மேசையிலேயே ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம் என்று சொல்லி, மேலே ஏறிவிட்டால்? விசாரணைக்காரர்கள் முன்னால் ஏற்கெனவே கட்டை அவிழ்க்காத என் கை இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்து வைக்கும் தைரியம் எனக்கு இல்லை. இதுதான் உண்மை. விதி அப்புறம்தான்.

குழு அடுத்த வாரம் கூடுகிறது. தயவுசெய்து அந்தப் பச்சிலைக்காரரிடம் மட்டும் போகாதீர்கள்.

ஜான்சி

---

நொச்சிமேடு
4.9.2024

ஜான்சிம்மா,

கதயெல்லாம் இல்ல.

முந்தாநாளுலேருந்து காச்சல். கரண்டக் கால் செவந்து மேல ஏறுது. காஞ்சு கெடந்தது கசியுது. நாத்தத்துக்கு வாசல்ல நாய் வந்து படுத்திருக்கு, தொரத்துனா திரும்பி வருது. நான் சாம்பிராணி போடப் போனேன், "வேணாம் வுடு, இனிமே யாருக்கு மறைக்குறது"ன்னா. பேச்சு கொழறுது.

ஆஸ்பத்திரிக்குக் கூப்புட்டா வர மாட்டேங்குறா. அங்க போனா மயக்க மருந்து குடுத்துட்டு வெட்டிப்புடுவாங்கன்னு கட்டில் சட்டத்தப் புடிச்சுகினு இருக்கா. வெள்ளிக்கெழம செம்பியன் வேன் கொண்டாந்து பச்செலக்காரர்கிட்டத் தூக்கிகினு போறேங்குறான். என்னால அவனத் தடுக்க முடியல. என்னா சொல்லித் தடுக்குறது?

இன்னிக்கு டீமு வந்துச்சு. கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போச்சாம். மணவாளன் சாரு ரொம்ப வருத்தப்பட்டாரு. பாலகுமார் தம்பி கண்ணு கலங்கிருச்சு. எல்லாரும் நல்லவங்கதான். நல்லவங்கள வச்சுகினு நான் என்னா செய்யறது.

தமிழ்ச்செல்வி லீவு சொல்லிட்டு இதுக்குன்னே பஸ் ஏறிச் சிதம்பரம் வருது. அது கையிலயே எழுதிக் குடுங்க. தப்பான வார்த்தையா இருந்தாலும் பரவால்ல. யாராவது ஒருத்தர் சொல்லணும். எனக்குக் காலப் புடிச்சுக்க ஒரு ஆளு வேணும், சட்டையப் புடிக்க ஒரு ஆளு வேணும். ரெண்டும் நீங்களா இருங்க.

சின்னையன்

---

சிதம்பரம், பேருந்து நிலையம்
4.9.2024, மாலை

பெரியப்பா,

வெட்டச் சொல்லுங்கள். இன்றைக்கே. முட்டிக்குக் கீழே முடியாமல் மேலே எடுக்க வேண்டும் என்றாலும் சம்மதம் சொல்லுங்கள். கால் இனி பெரியம்மாவுக்கு உதவாது. அது அவரைக் கொன்றுகொண்டிருக்கிறது.

இதை நான் சொல்கிறேன், ஜான்சி. குழு சொல்லவில்லை, கல்லூரி சொல்லவில்லை, மணவாளன் சாருக்குத் தெரியாது. 108க்கு நானே அழைத்துச் சொல்லிவிட்டேன். தமிழ்ச்செல்வி வந்து சேர்வதற்குள் வண்டி உங்கள் வாசலுக்கு வந்துவிடலாம். கடலூர் டாக்டரிடமும் பேசிவிட்டேன், காத்திருக்கிறார். உங்களுக்கும் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். பின்னால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று நானே சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதித் தருகிறேன்.

பெரியம்மா கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். செம்பியன் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். ஏதாவது ஆகிவிட்டால் இந்தக் காகிதத்தைக் காட்டி, இவள்தான் என்று சொல்லுங்கள். பெரியம்மா கட்டிலை விடவில்லை என்றால் ஜான்சி கெஞ்சினாள் என்று சொல்லுங்கள்.

பஸ் கிளம்புகிறது. தமிழ்ச்செல்வி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

ஜான்சி

---

நொச்சிமேடு
22.9.2024

ஜான்சிம்மாவுக்கு,

இருசம்மா உசுரோட இருக்கா. அத மொதல்ல எழுதிடுறேன், இல்லாட்டி நீங்க கடைசி வரைக்கும் நெஞ்சப் புடிச்சுகினு படிப்பீங்க.

வண்டி வந்துருச்சு, ஆனா அவ கட்டில வுடல. வண்டியில வந்த தம்பி ரெண்டும் நல்லா பேசிப் பாத்துதுங்க. அதுக்குள்ள தமிழ்ச்செல்வி ஓடியாந்து கடுதாசியக் குடுத்துச்சு. வாசல்ல நின்னு படிச்சேன். படிச்சுட்டு உள்ள போயி, அவ கைய ஒவ்வொரு வெரலா கட்டில் சட்டத்துலேருந்து எடுத்தேன். "யாரு சொன்னா?"ன்னா. "நான் சொல்றேன், வாடி"ன்னேன். என் மூஞ்சியவே பாத்தா. அப்பறம் கைய வுட்டுட்டா. ஆஸ்பத்திரியில ரேக வைக்கச் சொன்னப்பவும் என்னத்தான் பாத்துகினே வச்சா.

தொடையோட எடுக்க வேண்டியதாப் போச்சு.

கால நான் கேட்டு வாங்கிகினேன். அவுங்களே எரிச்சுருவாங்களாம், எனக்கு மனசு கேக்கல. மூட்டையாக் கட்டிக் குடுத்தாங்க. என்னா கனம் தெரியுமா? எத்தினியோ ஆட்டத் தோள்ல போட்டுத் தூக்கியிருக்கேன், இந்தக் கனம் இருந்தது கெடையாது. நம்மூரு சுடுகாட்டுல குழி வெட்டுற ராமாமிர்தத்துகிட்டப் போனேன். "ஆளு எங்க?"ன்னான். "ஆளு ஆஸ்பத்திரியில படுத்திருக்கு"ன்னேன். "அப்ப இத எந்தத் தெச பாத்து வைக்கறது? தல இருந்தா தெக்க வைப்பேன்"ன்னான். அவனும் யோசிச்சான், நானும் யோசிச்சேன். வெரலு வூட்டப் பாத்தாப்ல வைடான்னேன். மண்ணத் தள்ளிட்டு அழுவணுமா வேணாமான்னு தெரியாம ரெண்டு பேரும் பீடி பத்த வச்சுகினு ஒக்காந்திருந்தோம். வாய்க்கரிசி போடலாமான்னு கேட்டான். வாயே இல்லியேடான்னேன். அதுக்கப்பறந்தான் எனக்கு அழுவ வந்துச்சு.

செம்பியன் ஆஸ்பத்திரி வராண்டாவுலயே என் சட்டையப் புடிச்சுட்டான். "எங்கக்காவ வெட்டச் சொன்னவன் எவன்?"ன்னு கத்துனான். ஒங்க கடுதாசி என் ஜோபியிலதான் இருந்துச்சு. அவன் கைக்குக் கீழயே இருந்துச்சு. "நான்தான்டா சொன்னேன்"ன்னேன். "மச்சான்னு கூப்புட்ட வாயி இனிமே கூப்புடாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். போவட்டும்.

ஒங்க பேரச் சொல்லுங்கன்னுதான் எழுதியிருந்தீங்க. மூணு எடத்துல எழுதியிருந்தீங்க. எவன்கிட்டயும் சொல்லல. ஒங்களக் காப்பாத்தணும்னு இல்ல. அந்தப் பெருந்தன்மையெல்லாம் எனக்குக் கெடையாது, இன்னும் நெனச்சா எரியுது. காரணம் வேற.

வூட்டுக்கு இட்டாந்தேன். அவ என்னோட பேசறதில்ல. நான் கஞ்சி குடுத்தா வாங்க மாட்டேங்குறா, பக்கத்தூட்டுப் பொம்பள குடுத்தா ரெண்டு வாய் குடிக்குறா. ஒரே ஒரு தடவதான் பேசுனா. என்னா சொன்னா தெரியுமா? "ஆயிரம் ஆட்ட அறுப்புக்குப் புடிச்சுக் குடுத்த கையி, என்னயும் புடிச்சுக் குடுத்துருச்சு"ன்னா. கஞ்சிய அவ கைக்கு எட்டுற எடத்துல வச்சுட்டு வாசலுக்கு வந்துட்டேன்.

அதோட போனா நான் தாங்கிக்குவேன். ஆனா காயத்தத் தொட வுட மாட்டேங்குறா. என்ன வுடல. தமிழ்ச்செல்விய, "நீயுந்தான்டி அவுக்காம வுட்டவ"ன்னு தொரத்திட்டா. டீமு வந்தா போர்வய இழுத்து மூடிக்குறா. மூணு நாளாச்சு, கட்டு அப்படியே இருக்கு. ஓரத்துல ஈரம் தெரியுது. இதையும் வுட்டா இனிமே வெட்ட அந்தக் கால்ல எடம் இல்ல.

ஒங்க மேல மட்டுந்தான் அவளுக்குக் கோவம் இல்ல. "பாப்பா இருந்திருந்தா என்ன வெட்ட வுட்டுருக்காது"ன்னு பக்கத்தூட்டுக்காரிகிட்டச் சொல்லியிருக்கா. அது அப்படியே இருக்கட்டும். காயத்தத் தொடறதுக்கு அவளுக்குக் கோவம் வராத கை ஒண்ணு வேணும். அத எடுத்து வச்சிருக்கேன். அதுக்காவத்தான் ஒங்க பேரச் சொல்லல.

நீங்க வரக் கூடாதுன்னு ஆர்டர் இருக்குதுன்னு தெரியும். வந்தா வேல போவும்னும் தெரியும்.

வாங்க.

சின்னையன்